டிரம்மின் மேல் எழுதியிருந்தது

நடுவிரல் தாழிக்குள் இறங்கி, மேலே படர்ந்திருந்த நுரையை ஒதுக்கி, அடியில் இருந்த மஞ்சளும் பச்சையுமான தண்ணீரைத் தொட்டுக்கொண்டு வெளியே வந்தது. கட்டைவிரல் அதை உரசிப் பார்த்தது. வழவழப்புப் போதவில்லை. விரல் நுனி நாக்கு நுனிக்குப் போயிற்று. லேசான புளிப்பு. இடது கை சுண்ணாம்புச் சட்டியிலிருந்து அரைச் சிரட்டை அள்ளிப் போட, வலது கை மூங்கிலைத் தாழியின் அடிவரை இறக்கி மூன்று சுற்றுச் சுற்றியது. மறுபடி விரல். மறுபடி நாக்கு. இப்போது எறும்பு கடித்தது போலச் சுருக்கென்றது. அது போதும். பலகையைப் போட்டு மூடி வைத்தால் மறுநாள் காலை நூலை நனைக்கலாம்.

அந்தக் கைகள் முழங்கைவரை நீலம். நகக்கண்ணில் நீலம், விரல் மடிப்பில் நீலம். தென்காசிக் கடைத்தெருவில் துல்கர்னைன் என்ற பெயர் தெரியாதவர்களும் அந்தக் கைகளைத் தெரிந்து வைத்திருந்தார்கள். அச்சன்புதூர்ப் பக்கத்துத் தறிக்காரர்கள் நூல் கொண்டுவரும்போது அவர் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் கையைப் பார்ப்பார்கள். கை நன்றாகக் கறுத்து நீலமாக இருந்தால் தாழி நன்றாக இருக்கிறது என்று கொடுத்துவிட்டுப் போவார்கள்.

சிற்றாற்றங்கரையில் இருந்த அந்தச் சாயப்பட்டறை வல்லிநாயகம் முதலாளியுடையது. தரையில் கழுத்துவரை புதைத்த ஆறு தாழிகள். நீலக்கட்டியை அரைத்துக் கரைத்து, ஊசித்தகரை விதையை வேகவைத்து ஊற்றி, சுண்ணாம்பு போட்டு, மூன்று நாள் புளிக்க வைக்க வேண்டும். சுண்ணாம்பு குறைந்தால் தாழி புளித்துக் கெட்டுவிடும். கூடினால் நூல் மொரமொரவென்று போய்விடும். இதற்கு எடையும் அளவும் கிடையாது. நாக்குதான். துல்கர்னைனுக்கு யாரும் இதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. பதினைந்து வயதில் நூல் அலசும் வேலைக்கு வந்தவர், பெரியவர்கள் தொட்டு நக்குவதைப் பார்த்து, தானும் தொட்டு நக்கி, எந்தச் சுவைக்கு மறுநாள் என்ன நிறம் வந்தது என்று மனதில் வைத்துக்கொண்டே வந்தார். முப்பத்தைந்து வயதில் ஆறு தாழிகளுக்கும் அவர் நாக்குதான் தீர்ப்பு.

1958-ஆம் வருடம், வைகாசிக் கடைசியில், இரண்டு இரும்பு டிரம்கள் மாட்டு வண்டியில் வந்து இறங்கின. ஒன்றில் காஸ்டிக் சோடா. மற்றதில் ஹைட்ரோஸ் என்ற வெள்ளைத் தூள். இவை இரண்டையும் போட்டால் தாழி மூன்று நாள் காத்திருக்க வேண்டாம், ஒரு மணி நேரத்தில் நனைக்கலாம் என்று மதுரைக் கம்பெனி ஏஜெண்ட் சொல்லியிருந்தார். அவரே மறுநாள் பஸ்ஸில் வந்து செய்து காட்டினார்.

கால்சட்டை போட்டிருந்த அந்த மனிதர் பையிலிருந்து ஒரு ஜோடி ரப்பர் கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டுதான் டிரம் மூடியைத் திறந்தார். நூல் பிழியும் பெண்கள் மூன்று பேர் தூண் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். வள்ளித்தாய் மற்றவர்களிடம் சொன்னாள்:

"மாப்பிள்ளைக்கு மருதாணி கலைஞ்சிருமாம்ட்டி. உறை போடுதாரு."

வடிவம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பாலம்மாள் பொத்தாமலே சிரித்தாள். துல்கர்னைனுக்கும் சிரிப்பு வந்தது. கையில் நீலம் பட்டுவிடுமே என்று பயப்படுகிற மனிதர் சாய வேலையைச் சொல்லிக் கொடுக்க வந்திருக்கிறார்.

ஏஜெண்ட் முதலாளியிடம்தான் பேசினார். ஒரு கட்டு நூலுக்கு எத்தனை டம்ளர், நூல் எத்தனை நிமிஷம், நிறம் இறங்கினால் என்ன செய்வது. வேலைக்காரர்களிடம் "அதை எடு, இதை ஊற்று, தள்ளி நில்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. தண்ணீர் நிறைந்த தொட்டியில் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாக அவரே போட்டார். ஏன் அப்படிப் போட வேண்டும் என்று அவரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை. நூல் மேலே வந்து காற்றுப் பட்டதும் பச்சையாயிருந்தது கண்முன்னே நீலமாயிற்று. முதலாளி தொடையைத் தட்டிக்கொண்டார். ஏஜெண்ட் கையுறையைக் கழற்றி அலசி, துடைத்து, மடித்துப் பையில் வைத்துக்கொண்டு சாயங்கால பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

மறுநாள் துல்கர்னைன் தனியாக ஒரு தாழி போட்டார். டம்ளர் கணக்கை அவர் மனம் ஏற்கவில்லை. ஒரு மண்சட்டியில் சோடாவைக் கரைத்தார். சட்டி சுட்டது, சுண்ணாம்பும் சுடும்தானே என்று நினைத்துக்கொண்டார். விரலை விட்டு உரசினார். இதுவரை எந்தத் தாழியிலும் காணாத வழவழப்பு, எண்ணெயில் தோய்த்தது போல. காரம் நல்ல காரம்தான் என்று விரலை வாய்க்குக் கொண்டுபோனார். ஒரு சொட்டல்ல. நாக்கு நிறையத் தடவினார். புதுச் சரக்கு, சரியாகத் தெரிய வேண்டும் என்று.

முதலில் சோப்பு மாதிரி இருந்தது. வேறொன்றும் தெரியவில்லை. தெரியவில்லையே என்று இன்னொரு தரம் தொட்டுத் தடவினார். அதற்குள் முதல் தடவை தடவியது எரியத் தொடங்கிவிட்டது.

பாலம்மாள்தான் முதலில் பார்த்தாள். அவர் தூணைப் பிடித்துக்கொண்டு குனிந்து துப்பிக்கொண்டிருந்தார்; துப்பியதில் தோல் வந்தது. அவள் ஓடிப்போய்த் தேங்காய் எண்ணெய் கொண்டுவந்தாள். வடிவம்மாள் புளித்தண்ணீர் கரைத்தாள். இரண்டையும் கொடுத்தார்கள். பெரியாஸ்பத்திரிக் கம்பவுண்டர் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, "எண்ணெய், புளி எல்லாம் எதுக்கு? உடனே வெறும் தண்ணியை விட்டுக் கொப்புளிச்சுக்கிட்டே இருந்திருந்தா பாதி மிஞ்சியிருக்கும்" என்றார். தண்ணீர் பட்டறையில் தொட்டி தொட்டியாக நின்றது. அடுத்தாற்போல் ஆறே ஓடியது.

இருபது நாள் கஞ்சித் தண்ணீர்தான் உணவு. பேச்சு திரும்பியது, 'ர'வும் 'ல'வும் கொஞ்சம் குழறின. சோறு சாப்பிடத் தொடங்கி நாலைந்து நாள் ஆனபின், அவர் மனைவி ஹைருன் பீவி குழம்பை ஊற்றிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள்:

"ஆணம் எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு."

"உப்பே போடலை நான்."

அவர் கையை நிறுத்தினார். பிறகு மறுபடி பிசைந்தார். "அப்ப நம்ம வீட்டுல இனி உப்புச் செலவு கொறைஞ்சுது போ" என்றார். அவள் சிரிக்கவில்லை. எழுந்துபோய் உப்பை எடுத்து வந்து தட்டில் வைத்தாள். அவர் தொட்டுக்கொண்டார். மணலைத் தொட்ட மாதிரி இருந்தது.

முதலாளி இரண்டு தடவை வந்து பார்த்தார், ரொட்டியும் ஆரஞ்சுப் பழமும் வாங்கிக்கொண்டு. கெட்ட மனிதர் என்று அவரைச் சொல்ல முடியாது. வாலிபத்தில் தலைச்சுமையாக நூல் சுமந்தவர். பட்டறைப் பெண்களுக்குப் பிரசவம் என்றால் வண்டி அனுப்புவார். ஆனால் இரண்டாம் முறை வந்தபோது சொன்னார்:

"பட்டறையில கேட்டாளுக. வெத்தலைச் சுண்ணாம்பு கூடிப்போயி வாய் வெந்துட்டுன்னு சொல்லி வச்சிருக்கேன். நீயும் அதையே சொல்லிரு, துல்கரு."

"நான் வெத்தலை போடுததே இல்லையே, முதலாளி."

"ஒரு பேச்சுக்குத்தான்லே. சோடான்னு சொன்னா பயந்துருவாளுக. தீபாவளி நூலு வந்து குமிஞ்சு கிடக்கு."

ஆடி பிறந்து அவர் வேலைக்குத் திரும்பியபோது ஆறு தாழிகளில் நாலு சோடாத் தாழி ஆகியிருந்தது. மற்ற இரண்டில் அவர் விரலை விட்டுப் பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார். நாக்குக்குக் கொண்டுபோகவில்லை, கொண்டுபோயும் பயனில்லை. டிரம்மிலிருந்து சோடா எடுத்துக் கரைக்கும் வேலை பாலம்மாளுக்கும் மற்ற இரண்டு பெண்களுக்கும் வந்திருந்தது. சிரட்டையால்தான் அள்ளினார்கள். சிரட்டைக்கு வராத ஓரத்தைக் கையால் வழித்தார்கள். வீட்டில் துணி வெளுக்கும் சோடாவைக் கையால் அள்ளுகிறவர்கள் அவர்கள். இதுவும் சோடா என்றுதான் அவர்களுக்குச் சொல்லியிருந்தது. வடிவம்மாளின் விரலிடுக்குகளில் தோல் வெந்து உரிந்திருந்தது. சேற்றுப்புண் என்று மஞ்சள் பூசியிருந்தாள்.

துல்கர்னைன் முதலாளியிடம் போனார்.

"அவளுக கையால தொடுதாளுக, முதலாளி. என்ன சாமான்னு ஒரு வார்த்தை சொல்லணும்."

"சொல்லித் தரவேண்டியதெல்லாம் அன்னைக்கே ஏஜெண்டு சொல்லிட்டுப் போயிட்டாருல்லா? நீயும்தான் நின்னுக்கிட்டு இருந்த."

"அவரு நிறத்தைச் சொன்னாரு. இது ஆளை என்ன செய்யும்னு சொல்லலை."

முதலாளி ஆற்றுப் பக்கம் திரும்பிக்கொண்டார். "உனக்கு ஆனது உன் பழக்கத்துல ஆனது. அவளுக யாரும் நக்கிப் பாக்கப் போறதில்லை" என்றார்.

அது உண்மைதான். ஆனால் முழு உண்மை இல்லை என்று துல்கர்னைனுக்குத் தெரிந்தது. அந்தச் சாமான் வேறு என்னென்ன செய்யும் என்பதுதான் தெரியவில்லை.

டிரம்மின் மேல் ஏதோ எழுதியிருந்தது. துருவும் அழுக்கும் மூடிக் கிடந்தது. மதியம் எல்லோரும் சாப்பிடப் போனபின் அவர் ஈரத் துணியால் அதைத் துடைத்தார். அடியில் ஒரு மண்டையோடு, அதைச் சுற்றி இங்கிலீஷ் எழுத்துகள். அவருக்கு இங்கிலீஷில் ஓர் எழுத்தும் தெரியாது. தமிழே எழுத்துக் கூட்டித்தான். ஆனால் ஒரு சேலைக் கரையைப் பார்த்து அதே பூவை எண்ணி எடுக்கத் தெரிந்த கண் அவருக்கு. நூல் கட்டு சுற்றி வந்த காகிதத்தில், பென்சிலால், ஓர் எழுத்தைப் பார்ப்பதும் ஓர் எழுத்தை வரைவதுமாக, மூன்று மதியங்களில் பதினோரு வரிகளையும் எழுதி முடித்தார்.

அதை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூட வாத்தியார் ஞானதுரையிடம் போனார். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதை யார் பாய் எழுதினது?"

"நான்தான் சார். பாத்து எழுதினேன்."

"நம்ம எட்டாம் வகுப்புப் பயலுகளை விட நல்லா இருக்கு. இந்த இடத்துல ஒரு வட்டம் இருக்கே, இது என்ன எழுத்து?"

"அது துரு அரிச்ச பொத்தல் சார். இருந்ததை விடக் கூடாதுன்னு அதையும் போட்டுட்டேன்."

வாத்தியார் சிரித்தார். படிக்கப் படிக்கச் சிரிப்பு நின்றது. பிறகு ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார். வெறும் கையால் தொடக் கூடாது, ரப்பர் கையுறை வேண்டும். கண்ணில் ஒரு துளி பட்டாலும் பார்வை போகலாம். எப்போதும் தண்ணீரில்தான் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றவே கூடாது, கொதித்து வெடித்துத் தெறிக்கும். மேலே பட்டால் உடனே நிறையத் தண்ணீர், கால் மணி நேரம். ஈரம் படாமல் இறுக மூடி வைக்க வேண்டும்.

கையுறை என்ற இடத்தில் துல்கர்னைன், "அவரு போட்டிருந்தாரு சார். நாங்க சிரிச்சோம்" என்றார்.

வாத்தியார் எல்லாவற்றையும் பெரிய தமிழ் எழுத்தில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். அன்று சாயங்காலமே அது முதலாளி கைக்குப் போயிற்று. முதலாளி படித்தார். முகம் கொஞ்சம் மாறியது. பிறகு பழைய முகம் திரும்பிவிட்டது.

"கம்பெனிக்காரன் தான் தப்பிக்க எழுதி வைக்கிறதுடே. தீப்பெட்டியில கூட எழுதியிருப்பான்."

"நீங்க ஒரு தடவை அவளுகளைக் கூப்பிட்டு வாசிச்சிருங்க, முதலாளி. நான் சொன்னா, வாய் வெந்தவன் சொல்லுதான்னு இருப்பாளுக. நீங்க சொன்னாத்தான் கேப்பாளுக."

"பாப்போம். அதுவரைக்கும் நீ ஒண்ணும் பேசாத. பேசி ஒருத்தி வேலைக்கு வராம நின்னாலும் உனக்கும் இங்கன வேலை கிடையாது, சொல்லிட்டேன்."

தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். அந்தச் சட்டை தாளோடு வெளுப்புக்குப் போயிற்று.

நாக்கு போன சாயக்காரரை வேறு எந்தப் பட்டறையும் எடுக்காது. துல்கர்னைன் பத்து நாள் வாயைத் திறக்கவில்லை. பாலம்மாளிடம் மட்டும் ஒருதரம், "கையால தொடாத தாயி" என்றார். அவள் அவர் கையைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"ஒங்க கையை முங்காம வச்சுக்கிட்டு அப்புறம் எனக்குச் சொல்லுங்க, அண்ணாச்சி. இருபது வருசமா முழங்கை மட்டும் முக்கிக்கிட்டு நிக்கீய. எங்க கை மட்டும் என்ன மெழுகா?"

அந்த வருடம் குற்றாலத்தில் நல்ல சீசன். தென்காசிவரை சாரல் வந்து கொண்டே இருந்தது. நூல் காயவில்லை, அடுப்பு புகைந்து புகைந்துதான் எரிந்தது. டிரம் மூடி சரியாகப் பொருந்தாமல், உள்ளே சோடா வியர்த்து வியர்த்து ஒரே பாறையாகக் கட்டிவிட்டது. சிரட்டை உடைந்தது. கரண்டி வளைந்தது. அலசிய நூல் கரையில் காத்துக் கிடந்தது.

கிளிஞ்சல் சுண்ணாம்பு கட்டியாக இருந்தால் அதன் மேல் தண்ணீர் ஊற்றி நீற்றுவார்கள். அந்த ஊரில் எல்லாப் பெண்களும் செய்கிற காரியம் அது. வெள்ளையடிக்கும் நாளில் எல்லா வீட்டிலும் நடக்கும். பாலம்மாளும் அதைத்தான் நினைத்தாள். அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த தண்ணீரை ஒரு செப்புப் பானையில் எடுத்துக்கொண்டு டிரம்மிடம் வந்தாள்.

"கொதிதண்ணியை ஊத்தி விட்டா இளகிரும், முதலாளி."

முதலாளி பக்கத்தில்தான் நின்றார். "ஊத்து, ஊத்து" என்றார். பத்து நாளுக்கு முன்னால் அவர் கண்ணால் படித்த வரி அது. ஆனால் அவர் அதைத் தாளில்தான் படித்திருந்தார். டிரம்மின் முன்னால் நிற்கும்போது அவருக்கும் சுண்ணாம்புதான் ஞாபகம்.

தாழி ஓரத்தில் இருந்த துல்கர்னைன் பானை சரிவதைப் பார்த்தார். கத்தினார், வார்த்தை குழறி என்னவோ சத்தமாக வந்தது. ஓடிவந்து பானையைத் தோளால் இடித்துத் தள்ளினார். முக்கால்வாசித் தண்ணீர் தரையிலும் அவர் காலிலும் கொட்டியது. ஒரு கை அளவு உள்ளே போய்விட்டது. அந்த ஒரு கை அளவுக்கே டிரம் சீறியது. வெள்ளையாக ஆவி எழுந்து, அதற்குள்ளிருந்து துளிகள் வெளியே தெறித்தன. மற்றவர்கள் விலகி ஓடினார்கள்.

பாலம்மாளின் வலது முன்கையில் ஐந்தாறு துளி. துல்கர்னைன் அவளை இழுத்துக்கொண்டுபோய் அலசும் தொட்டியில் கையை முக்கிப் பிடித்துக்கொண்டார். வள்ளித்தாயைக் கூப்பிட்டு மேலிருந்து குடம் குடமாக ஊற்றச் சொன்னார்.

"எண்ணெய் கொண்டு வரட்டா?" என்றாள் வடிவம்மாள்.

"எண்ணெய் வேண்டாம். தண்ணி."

கொஞ்ச நேரத்தில் பாலம்மாள், "விடுங்க அண்ணாச்சி, எரிச்சல் நின்னுட்டு" என்றாள். அவர் விடவில்லை. "ஒரு மனுசன் இம்புட்டு நேரமா ஒரு பொம்பளை கையைப் பிடிப்பான்? ஹைருன் மதினி கேட்டா நான் என்ன சொல்ல?" என்றாள். அப்போதும் விடவில்லை. அப்படிப் பிடித்துக்கொண்டே, குழறிய பேச்சில், எல்லோருக்கும் கேட்கும்படி, வாத்தியார் வாசித்த பதினோரு வரியையும் சொன்னார். வெற்றிலைச் சுண்ணாம்பு இல்லை, இந்த டிரம்தான் தன் நாக்கைத் தின்றது என்பதையும் சொன்னார். முதலாளி அங்கேயே நின்றார். அவர் வேட்டியில் இரண்டு இடத்தில் தெறித்திருந்தது. அதை அவர் கவனிக்கவில்லை. எல்லோரும் அவரைப் பார்க்காததுபோல நின்றார்கள்.

மறுநாள் காலை பட்டறை வாசலில் முதலாளியின் மருமகன் நின்று, இனி வரவேண்டாம் என்று துல்கர்னைனிடம் சொன்னார். சொல்லும்போது தரையைப் பார்த்துச் சொன்னார். துல்கர்னைன் தன் மூங்கிலை மட்டும் எடுத்துக்கொண்டு, கொப்புளம் கட்டிய காலோடு வீட்டுக்குப் போனார்.

ஹைருன் பீவியின் தம்பிக்கு பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சைக்கிள் கடை இருந்தது. அங்கே உட்கார்ந்து பஞ்சர் ஒட்டக் கற்றுக்கொண்டார். சீசனுக்கு வரும் கார்களின் வேலையும் அந்தக் கடைக்கு வரும். பழைய ட்யூப்களை அங்கேயே போட்டுவிட்டுப் போவார்கள். தண்ணீரில் ட்யூபை முக்கி, எங்கே குமிழி வருகிறது என்று பார்க்கும் வேலை அவருக்குப் பிடித்துவிட்டது. அங்கே நாக்கு தேவைப்படவில்லை.

பெண்கள் மூவரும் பட்டறையிலேயே இருந்தார்கள். முதலாளி பயந்தபடி ஒருத்தியும் வேலையை விட்டு நிற்கவில்லை. பாலம்மாள் ஒருநாள் கடைக்கு வந்து சொன்னாள்:

"வேற எங்கன போகச் சொல்லுதீய? பாவூர்சத்திரம் சந்தைக்கு மூட்டை தூக்கவா? இப்ப தண்ணியிலதான் சோடாவைப் போடுதோம். ஆனா கை பட்டுக்கிட்டுத்தான் இருக்கு. கரைச்சதுல நூலை முக்கி எடுக்கணும்லா?"

"முதலாளி உறை வாங்கித் தரலையா?"

"கேட்டேன். பாப்போம்னாரு."

அவர் ஒரு கார் ட்யூபைக் கையில் எடுத்துப் பார்த்தார். அதுவே ஒரு சட்டைக் கை மாதிரிதான் இருந்தது. ஒரு முழ நீளம் வெட்டி, ஒரு முனையை மூடினால் உறை. ஐந்து விரலுக்கும் தனித்தனியாக வைத்தால் ஒட்டு அதிகமாகும். ஒட்டு அதிகமானால் கசிவு அதிகமாகும். கட்டைவிரலுக்கு ஒன்று, மற்ற நாலுக்கும் சேர்த்து ஒன்று. நூலை முக்கிப் பிழிய அது போதும். ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, காயவிட்டு ஒட்டி, ஒட்டின் மேல் இன்னொரு பட்டை ஒட்டினார்.

முதல் ஜோடி வீணாயிற்று. மாட்டும்போது பாலம்மாளின் வளையல் இரண்டு உடைந்தது. "புருசன் உசுரோட இருக்கான் அண்ணாச்சி, இன்னும் சாகலை" என்றாள். வளையலைக் கழற்றிவிட்டு மாட்டு என்று சொல்ல முடியாது. வளையலுக்கு மேல் போகும்படி வாயை அகலமாக வைத்தார். அகலமான வாய் வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கிவிட்டது. அவரே மாட்டி வெறும் தண்ணீரில் முக்கிப் பார்த்துக் கண்டுபிடித்தார். சோடாத் தண்ணீர் இப்படி இறங்கினால் வெளியே போக வழியில்லாமல் கையோடு ஊறும்; உறை இல்லாததைவிட அது மோசம். மூன்றாவதை முழங்கைக்கு மேல் நாலு விரல் நீளமாக எடுத்து, வாயை உள்ளே ஒரு மடிப்பு மடித்து, நாடா வைத்தார். மடிப்பு வளையலுக்கு விரியும். நாடாவைக் கட்டினால் தோலோடு இறுகும்.

வள்ளித்தாயும் வடிவம்மாளும் கை அளவை நூலில் முடிச்சுப் போட்டு அனுப்பினார்கள். புரட்டாசி முழுக்க, கடை வேலை முடிந்த மதிய நேரங்களில், மூன்று ஜோடியையும் செய்தார். ஒவ்வொன்றிலும் வாய்வரை தண்ணீர் ஊற்றி, கம்பியில் தொங்கவிட்டு, அடியில் காய்ந்த காகிதம் விரித்து, மறுநாள் பார்த்தார். ஒன்றில் காகிதத்தில் ஒரு பொட்டு ஈரம் இருந்தது. அதைப் பிரித்து மறுபடி ஒட்டினார். அளவு பார்க்க வந்த பாலம்மாளுக்கு, உறையை எப்படி அலசிக் கழற்றுவது, எப்படி ஊதிப் பார்ப்பது என்றும் சொல்லிக் கொடுத்தார்.

ஐப்பசி முதல் வாரம் பாலம்மாள் வந்தாள். முன்கையில் ஐந்து தழும்புகள் வெளுத்துத் தெரிந்தன. அவர் மூன்று ஜோடியையும் மடித்து ஒரு நாடாவால் கட்டி மடியில் வைத்துக்கொண்டிருந்தார். அவள் கையை நீட்டினாள். அவர் கொடுக்கவில்லை.

"முதல்ல சொல்லு."

"என்னத்தைச் சொல்ல?"

"எதை எதுல போடணும்?"

"ஆமா, பள்ளிக்கூடம் வச்சிருக்காரு. சோடாவுல தண்ணியை..." என்றவள் அவர் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். அவர் உறைக் கட்டைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "தண்ணியில சோடாவை. கொஞ்சம் கொஞ்சமா."

"மேல பட்டா?"

"தண்ணி. கால் மணி நேரம். எண்ணெய் இல்லை, புளி இல்லை."

"உறையைக் கழட்டும்போது?"

"மாட்டியிருக்கும்போதே வெளிய நல்லா அலசிட்டுத்தான் கழட்டணும். மூஞ்சியைத் தொடக் கூடாது. மூடியை இறுக்கிப் போடணும். தினமும் ஊதிப் பாக்கணும், ஓட்டை இருக்கான்னு."

"அவளுக ரெண்டு பேரும்?"

"அவளுககிட்டயும் இதையே கேப்பேன், சொன்னாத்தான் குடுப்பேன். இல்லைன்னா கையிலயே தர மாட்டேன், போதுமா?"

துல்கர்னைன் நாடாவை அவிழ்த்து ஒவ்வொரு உறையையும் கடைசியாக ஒருதரம் ஊதிக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். காற்று எங்கும் வரவில்லை. மறுபடி கட்டி, மூன்று ஜோடியையும் அவள் கையில் கொடுத்தார்.